ஆட்டுப்பாலா, மாட்டுப்பாலா என்பதற்கு முன்னால் காய்ச்சியதா என்று கேளுங்கள்

கோவைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பண்ணையிலிருந்து காய்ச்சாத வெள்ளாட்டுப் பால் தினமும் காலையில் கண்ணாடிப் புட்டியில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. மாட்டுப்பாலைவிட இது உயர்ந்தது, காய்ச்சினால் சத்து போய்விடும், அப்படியே குடியுங்கள் என்று பண்ணையில் சொல்கிறார்கள். வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை, பசும்பால் குடித்தால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் ஐந்து வயதுப் பையன், பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும் அம்மா. யாருக்கு எந்தப் பாலைக் கொடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தென் மாவட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். ஆட்டின் மடியையும், அதை வளர்க்கிறவர்களின் உடம்பையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆட்டுப்பாலுக்கும் மாட்டுப்பாலுக்கும் உள்ள வேறுபாடு சிறியது, காய்ச்சிய பாலுக்கும் காய்ச்சாத பாலுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இன்று வாங்கும் பாலையே காய்ச்சத் தொடங்கிவிடுங்கள். கைக்குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் பாலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். நூறு கிராம் ஆட்டுப்பாலில் புரதம் ஏறத்தாழ மூன்றரை கிராம், மாட்டுப்பாலில் சற்றுக் குறைவு. கொழுப்பு ஆட்டுப்பாலில் 4 கிராம் அளவில் இருக்கும். மாட்டுப்பாலில் இனத்தைப் பொறுத்து மூன்றரையிலிருந்து நான்கரை வரை போகும். சுண்ணாம்புச் சத்து ஆட்டுப்பாலில் 130 மில்லிகிராம் சுமார், மாட்டுப்பாலில் 115 முதல் 120. பொட்டாசியமும் ஆட்டுப்பாலில் கூடுதல். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருளை ஆடு முழுவதும் வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளைவெளேர் என்று இருக்கும். பசும்பாலில் தெரியும் இளமஞ்சள் அதில் வராது. இதுவரை ஆட்டுப்பால் ஒரு படி மேலே நிற்பது போலத் தெரியும். ஆனால் இரண்டு இடங்களில் அது வெகுவாகப் பின்தங்குகிறது. ஒன்று ஃபோலிக் அமிலம்: மாட்டுப்பாலில் நூறு கிராமுக்கு 5 மைக்ரோகிராம் என்றால் ஆட்டுப்பாலில் வெறும் 1. இன்னொன்று வைட்டமின் பி12: மாட்டுப்பாலில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டுமே இரத்தம் ஊறத் தேவையானவை. இரும்புச் சத்து இரண்டு பாலிலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களுக்கு இது பெரிய குறை ஆகாது. கீரை, பயறு, முட்டை, மீன் என்று வேறு வழியில் சேர்ந்துவிடும். பாலை மட்டுமே நம்பியிருக்கும் உயிருக்குத்தான் இது ஆபத்து. அதைக் குழந்தையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

"ஆட்டுப்பால் எளிதில் செரிக்கும்" என்று நம் பாட்டிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆட்டுப்பாலின் கொழுப்புத் துளிகள் சராசரியாகச் சிறியவை. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதமும் அதில் இல்லை. அதனால்தான் ஒரு சொம்பு ஆட்டுப்பாலை இரவு முழுவதும் வைத்திருந்தாலும் பசும்பாலைப் போல மேலே ஆடை திரண்டு நிற்காது. வயிற்றில் அமிலம் பட்டுத் திரியும்போதும் இந்த வேறுபாடு தெரியும். ஒரு கிண்ணத்தில் பசும்பாலும் இன்னொன்றில் ஆட்டுப்பாலும் ஊற்றி, இரண்டிலும் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள். பசும்பால் கட்டி கட்டியாகத் திரியும். ஆட்டுப்பால் தூள் தூளாக, விரலில் எடுத்தால் நசுங்கும் பதத்தில் திரியும். பசும்பாலில் நிறைந்திருக்கும் ஒருவகைக் கேசீன் புரதம் பல ஆட்டினங்களில் குறைவாக இருப்பதே காரணம். கொழுப்பிலும் நடுத்தர நீளமுள்ள அமிலங்கள் ஆட்டுப்பாலில் அதிகம். உடம்பு அவற்றை விரைவில் எரித்துக்கொள்ளும். அவற்றில் மூன்றுக்கு இலத்தீன் மொழியில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டுப்பாலின் தனி வாடைக்கும் அவற்றுக்குப் பங்கு உண்டு. கிடாவைக் கறவை ஆட்டோடு ஒரே கொட்டிலில் கட்டினால் அந்த வாடை இன்னும் தூக்கலாகும்.

சரி, செரிமானம் எளிது என்பதால் உடம்புக்கு வேறு பெரிய நன்மை உண்டா? மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. மடகாஸ்கரில் சத்துக்குறைவால் மருத்துவமனையில் இருந்த 30 குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆட்டுப்பால் குடித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக எடை போட்டார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது என்று ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகத்தில் கண்டது எலிகளிடம். விளம்பரத்தில் எலி என்ற சொல் விடுபட்டுவிடுகிறது. பாலின் கேசீன் புரதத்தில் ஏ1, ஏ2 என்று வகைகள் உண்டு, ஏ2 தான் நல்லது என்ற பேச்சும் அப்படித்தான்: ஆட்டுப்பால் பெரும்பாலும் ஏ2 வகைதான், ஆனால் காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நம் நாட்டு மாடுகளின் பாலும் பெரும்பாலும் அதுவே. ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொல்லிவிட்டது.

காந்தி ஆட்டுப்பால் குடித்தாரே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கறவை மாடுகளைக் கடைசிச் சொட்டு வரை கறக்கச் செய்த கொடுமையைக் கேள்விப்பட்டுப் பால் குடிப்பதில்லை என்று அவர் விரதம் எடுத்திருந்தார். பின்னாளில் உடல் நலிந்து கிடந்தபோது, உங்கள் விரதம் பசுவையும் எருமையையும் நினைத்து எடுத்ததுதானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபா வழி சொன்னார். அவர் ஆட்டுப்பாலுக்கு வந்தது சத்துக்கணக்குப் பார்த்து வந்ததல்ல. விரதத்தின் ஆன்மாவை மீறிவிட்டேன் என்று அதற்காக வருந்தியும் எழுதியிருக்கிறார்.

இனி, காய்ச்சாத பால்.

மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படைக்கும் தரைப்படைக்கும் அது முக்கியமான தளம். அங்கே போன வீரர்களுக்கு ஒரு விசித்திரமான காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. அலை அலையாக ஏறும், இறங்கும்; மூட்டு வலிக்கும்; இரவில் வியர்த்துக் கொட்டும்; மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து அதன் கிருமியை 1887-இல் பிரித்தெடுத்தார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது பதினெட்டு ஆண்டுகள் தெரியவில்லை. காற்றைச் சந்தேகித்தார்கள், சாக்கடையைச் சந்தேகித்தார்கள், கொசுவைச் சந்தேகித்தார்கள். அந்தத் தீவில் பால் விற்கிறவர்கள் ஆடுகளைத் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பார்கள். இதைவிடப் புதிய பால் உலகத்தில் கிடைக்குமா! 1905-இல் தெமிஸ்டாக்லிஸ் சம்மித் என்ற மால்டா நாட்டு மருத்துவர் அந்த ஆடுகளின் இரத்தத்தைச் சோதித்தார். ஏறத்தாழப் பாதி ஆடுகளில் நோயின் அடையாளம் இருந்தது. பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினார்கள். படையில் அந்தக் காய்ச்சல் சட்டென்று விழுந்தது. தீவின் மக்கள் பழைய வழக்கத்தையே தொடர்ந்தார்கள். காய்ச்சலும் அவர்களோடு தொடர்ந்தது.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஆடுகள் பார்க்க நன்றாக இருந்தன. கொழுத்த உடம்பு, பளபளக்கும் மயிர், நிறைந்த மடி. "எங்கள் ஆடுகள் ஆரோக்கியமானவை, இயற்கையாக மேய்கின்றன" என்று உங்கள் பண்ணைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நோய் இது, அவ்வளவுதான்.

புரூசெல்லோசிஸ் என்று இன்று சொல்கிறோம். தமிழில் கன்று வீச்சு நோய் என்று எழுதுவார்கள்; சினை கலைந்து குட்டி காலத்துக்கு முன்பே விழுந்துவிடுவதைத்தான் வீச்சு என்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பணியில் இருந்த காலத்தில் ஒரு கோடை மாலையில், மானாவாரி நிலமும் உடைமரமும் நிறைந்த ஒரு ஊருக்குப் போயிருந்தேன். பதினைந்து வெள்ளாடுகள் வைத்திருந்தவர், இரண்டு ஆடுகள் நாலாம் மாதத்திலேயே குட்டி வீசிவிட்டன என்று வரச்சொல்லியிருந்தார். நாற்பது வயது இருக்கும். ஆடுகளைக் காட்டுவதற்காகக் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தவர், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வேப்பமரத்தை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு, ஒரு நிமிடம் அப்படியே நின்றார். என்னவென்று கேட்டேன். இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது, விடியும்போது விரித்த துண்டைப் பிழியலாம் போல வியர்வை, டைபாய்டு என்று சொல்லி மூன்று இடங்களில் மருந்து எடுத்தாயிற்று என்றார். ஆடு குட்டி வீசியபோது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பால்? "காம்பிலிருந்து பீய்ச்சி நுரையோடு குடித்தால்தானே ஐயா உடம்புக்கு நல்லது" என்றார். ஆடுகளின் இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினேன். அவரிடம் ஒரு சீட்டில் நோயின் பெயரை எழுதிக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டி இதற்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பக்கமும் நோய் இருந்தது. அவர் இரண்டு வகை மருந்துகளை ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டுத் தேறினார். பத்து வயது மகளுக்கும் அதே நோய் இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அந்தச் சிறுமிக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று விட்டுவிட்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் காய்ச்சலோடு இருந்த மனிதர் என்னைக் கூப்பிட்டது ஆட்டுக்காக. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஒரு முறை குட்டி வீசிய ஆடு அடுத்த ஈற்றில் பெரும்பாலும் ஒழுங்காக ஈனும். வளர்ப்பவர் நோய் போய்விட்டது என்று நினைப்பார். கிருமி மடியிலேயே தங்கிப் பாலில் வந்துகொண்டிருக்கும். மாடுகளுக்காவது 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கு இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. வெள்ளாடு அந்த வட்டத்துக்குள் வரவில்லை. மனிதனை மிகக் கடுமையாகத் தாக்கும் வகைக் கிருமிக்கு ஆடும் செம்மறியும்தான் இருப்பிடம் என்பதால் இந்த இடைவெளி எனக்குக் கவலை தருகிறது.

பசும்பாலைப் பச்சையாகக் குடிக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மாட்டுக் காசநோய் பாலின் வழியாகக் குழந்தைகளின் கழுத்து நெறிகளிலும் குடலிலும் எலும்பிலும் போய்த் தங்கும். பாலைச் சூடுபடுத்தும் வழக்கம் பரவும்வரை ஐரோப்பாவில் அது ஏராளமான பிள்ளைகளைக் கொன்றது. லிஸ்டீரியா, சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஈகோலை வகை ஆகிய கிருமிகளும் கியூ காய்ச்சல் கிருமியும் இரண்டு பாலிலும் வரலாம். கறக்கும்போது ஒரு புழுக்கை பாத்திரத்தில் விழுந்தால் போதும். ஆட்டுப்பாலில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் வரலாம். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் பச்சைப் பால் புட்டியை அவர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இவற்றில் சில கருவையே கலைத்துவிடும்.

காய்ச்சினால் சத்து போய்விடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். புரதம் போகாது, சுண்ணாம்பு போகாது, கொழுப்பு போகாது, வைட்டமின் ஏ பெரிதாகக் குறையாது. வைட்டமின் சி, பி1, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றில் ஒரு பகுதி குறையும். வைட்டமின் சிக்காக யாரும் பால் குடிப்பதில்லை. ஒரு நெல்லிக்காயில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. பச்சைப் பாலில் உள்ள நொதிகள் பால்சர்க்கரையைச் செரிக்க உதவும் என்பார்கள். பாலில் அந்த நொதியே கிடையாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால்சர்க்கரை ஒவ்வாத 16 பேருக்குப் பச்சைப் பாலையும் பாஸ்டர் முறையில் சூடாக்கிய பாலையும் கொடுத்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப் பாலால் தொல்லை குறையவில்லை.

ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ஐரோப்பாவில் பண்ணைகளில் வளர்ந்து, பண்ணைப் பாலைப் பச்சையாகக் குடித்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அவை மாட்டுப்பால் பற்றியவை. அந்தப் பிள்ளைகள் பிறந்தது முதல் கொட்டிலின் தூசியிலும் கால்நடைகளின் நடுவிலும் வளர்ந்தவர்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களே, தொற்று அபாயம் இருப்பதால் பச்சைப் பாலைக் குடியுங்கள் என்று பரிந்துரைக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். நகரத்து அடுக்குமாடி வீட்டுக்கு வாரம் ஏழு புட்டி வருவதால் அந்தப் பலன் வந்துவிடாது.

இப்போது உங்கள் வீட்டு மூவர்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடருங்கள். கூடவே குழைந்த சோறு, பருப்பு, மசித்த காய், முட்டை என்று இணை உணவு கொடுங்கள். ஒரு வயது முடியும்வரை ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ முக்கிய உணவாக வேண்டாம், காய்ச்சியதாக இருந்தாலும். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 80 மைக்ரோகிராம் அளவில் ஃபோலிக் அமிலம் தேவை. ஒரு லிட்டர் ஆட்டுப்பால் முழுவதையும் குடித்தாலும் 10 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். ஆட்டுப்பாலை மட்டும் கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்குக் கடும் இரத்தசோகை வருவதை ஜெர்மன் மருத்துவர்கள் 1920-களிலேயே கவனித்து, அதற்கு ஆட்டுப்பால் இரத்தசோகை என்றே பெயர் வைத்தார்கள். புரதமும் உப்பும் தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு அளவில் இருப்பதால் சின்னச் சிறுநீரகம் திணறும். வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உடம்பில் உப்பு கிடுகிடுவென்று ஏறும். தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகுமா என்று கேட்காதீர்கள். அப்போது சத்தும் போய்விடும். தாய்ப்பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, தக்க மாற்றுப்பாலைக் கொடுங்கள். ஆட்டுப்பாலில் செய்த மாற்றுப்பால் தூள்களும் இருக்கின்றன. அவற்றில் ஃபோலிக் அமிலமும் இரும்பும் சேர்த்திருப்பார்கள், அது வேறு பொருள்.

பையன் விஷயத்தில்தான் எனக்கு மிகுந்த பயம். பசும்பாலுக்குத் தடிப்பு வருகிறது என்றால் அது புரத ஒவ்வாமையாக இருக்கலாம். ஆட்டுப்பாலின் புரதம் பசும்பால் புரதத்துக்கு அக்கா தங்கை போன்றது. உடம்புக்கு அடையாளம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இத்தாலியில் பசும்பால் ஒவ்வாத 26 குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தபோது 24 பேருக்கு எதிர்விளைவு வந்தது. இதை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு கரண்டிகூட வேண்டாம். உதடு வீங்கி, மூச்சு இழுத்தால் மருத்துவமனைக்குப் போகும் நேரமே போதாமல் போகலாம். ஒவ்வாமை நிபுணரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்கிறபடி நடங்கள்.

அம்மாவுக்கு வயிறு உப்புவது அநேகமாகப் பால்சர்க்கரை செரிக்காததால். ஆட்டுப்பாலில் அது நூறு கிராமுக்கு நாலரை கிராம், மாட்டுப்பாலில் நாலே முக்கால். பெயருக்குத்தான் வித்தியாசம். சிலருக்கு ஆட்டுப்பால் இலேசாக இருப்பதாகத் தோன்றும். அது திரளும் பதத்தால் இருக்கலாம். காய்ச்சிய ஆட்டுப்பாலை அரை டம்ளர் கொடுத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் நல்லது. எந்தப் பாலாக இருந்தாலும் தயிராக்கி, மோராக்கிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையூற்றும்போது கிருமிகளே சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

டெங்கு காலத்தில் இரத்தத் தட்டணுக்களைக் கூட்டும் என்று வட இந்தியாவில் ஆட்டுப்பாலுக்குத் தட்டுப்பாடு வந்து, விலை பல மடங்கு ஏறுவது வழக்கமாகிவிட்டது. அதற்குச் சான்று இல்லை. காய்ச்சலில் தளர்ந்து கிடப்பவருக்குப் பச்சை ஆட்டுப்பாலைக் கொடுத்து இன்னொரு காய்ச்சலை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஆக, நீங்களும் உங்கள் அம்மாவும் ஆட்டுப்பால் குடிக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் குடியுங்கள், காய்ச்சிக் குடியுங்கள். பால் பொங்கி வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி, கரண்டியால் கிளறிவிட்டு, மேலும் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். பச்சைப் பால் இருந்த புட்டியையும் கரண்டியையும் காய்ச்சிய பாலில் மறுபடி போடாதீர்கள். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வாடை நீங்க ஓர் ஏலக்காய் தட்டிப்போடலாம். காய்ச்சியும் தீராத ஒன்று உண்டு: கறந்த பால் வெயிலில் மணிக்கணக்கில் நின்றால் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அதில் ஒரு நஞ்சைச் சுரந்துவிடும். கிருமி கொதியில் சாகும், நஞ்சு சாகாது. குடித்த சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே கறந்த உடனே பாலைக் குளிர வைக்கிறார்களா என்று பண்ணையில் கேளுங்கள். ஆடுகளுக்குக் கன்று வீச்சு நோய்க்கான இரத்தச் சோதனை கடைசியாக எப்போது செய்தார்கள், புதிதாக வாங்கிவந்த ஆட்டைத் தனியே எத்தனை நாள் கட்டிவைத்தார்கள் என்று கேளுங்கள். கடந்த ஓராண்டில் எத்தனை ஆடுகள் குட்டி வீசின என்றும் மறக்காமல் கேளுங்கள். ஆடு வளர்க்கிற எந்த இடத்திலும் இது எப்போதாவது நடக்கும். இந்த மாதத்தில் இந்த ஆடு வீசியது, இன்ன சோதனை செய்தோம் என்று கணக்கோடு சொல்கிறவரிடம் தொடர்ந்து வாங்கலாம். அப்படி ஒன்று நடந்ததே இல்லை என்று சட்டென்று மறுக்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.